உயிரியல்: குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் உயிரியல் வகுப்பில் கேட்பவற்றில், வருஷா வருஷம் திரும்பி வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் ஒழுங்காக இருப்பதை மறுபடி எழுதவில்லை. ஆரல்வாய்மொழியிலிருந்து நீரோடி வரை கண்ணில் படுகிறவற்றை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். வரிசையாக வாசிக்க வேண்டியதில்லை. அக்கானி (பதநீர்) பற்றிய முதல் கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். மற்ற பதில்களில் பாதி அதை நம்பித்தான் இருக்கிறது.

கருதுகோள், கட்டுப்பாட்டுச் சோதனை என்று மனப்பாடம் செய்கிறோம். உண்மையில் அது என்ன சார்?

பனையேறுகிறவர் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி மேலே கட்டுகிறார். காலையில் இறக்கினால் அக்கானி. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் வடிந்தது கள்ளாகிவிடுகிறது. "சுண்ணாம்புதான் புளிக்க விடாமல் தடுக்கிறது" என்று யாராவது சொன்னால் அது ஒரு கருதுகோள். அதாவது சோதித்துப் பார்த்து, சரிப்படவில்லை என்றால் தூக்கிப் போடக்கூடிய ஊகம். தூக்கிப் போட முடியும் என்பதுதான் அதில் முக்கியம்.

எதையும் லேசில் நம்பாத ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்று வையுங்கள். அவர் கேட்பார்: "சுண்ணாம்புக் கலயம் நன்றாகக் கழுவினது. மற்றது நேற்றுக் கள் இறக்கின கலயம். பழைய கள்ளின் மண்டி உள்ளே ஒட்டியிருந்தால் புளிக்காமல் என்ன செய்யும்?" நியாயமான கேள்வி. அப்போ ஒரே பனை, ஒரே இரவு, ஒரே மாதிரி கழுவிப் புகை காட்டிய இரண்டு கலயங்கள், இரண்டுக்கும் நடுவே சுண்ணாம்பு ஒன்றுதான் வித்தியாசம் என்று ஏற்பாடு செய்ய வேண்டும். சுண்ணாம்பு தடவாத கலயம்தான் கட்டுப்பாடு. அது இல்லாமல் சுண்ணாம்புக் கலயத்தை மட்டும் காட்டி எதையும் சொல்ல முடியாது. அன்றைக்குக் குளிர் அதிகமாக இருந்து, எந்தக் கலயமும் புளிக்காமலே போயிருக்கலாம் அல்லவா?

ஒரு பனையோடு நிறுத்தினாலும் போதாது. ஒரு கலயத்தில் வண்டு விழும், ஒன்றில் விரிசல் இருக்கும். பல பனைகளில் செய்தால்தான் இந்தத் தற்செயல்கள் ஒன்றுக்கொன்று கழிந்து போகும்.

சோதனையைத் தொடங்கும் முன்பே ஒன்றை நோட்டில் எழுதி வைக்க வேண்டும்: நான் சொல்வது தப்பு என்றால் நாளை காலை என்ன பார்ப்பேன்? இங்கே பதில் சுலபம். சுண்ணாம்புக் கலயமும் மற்றதைப் போலவே நுரைத்திருக்கும், அல்லது இரண்டுமே புளிக்காமல் இருக்கும். இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியவில்லை என்றால், நீங்கள் சொல்வது இன்னும் சோதிக்கிற நிலைக்கு வரவில்லை என்று பொருள்.

அப்புறம் காரணம். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. கள்ளில் வருகிற நுரை அந்த வாயுதான். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, அதில் ஈஸ்ட் தலையெடுக்க முடியாது. நொதித்தல் நுண்ணுயிரிகளின் வேலை என்பதை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லூயி பாஸ்டர் காட்டினார். அவருடைய வளைந்த கழுத்துக் குடுவையும் நம் கலயச் சோதனையின் இனம்தான். கொதிக்க வைத்த சாறு அந்தக் குடுவையில் தெளிவாகவே இருந்தது, கழுத்தை உடைத்ததும் கெட்டுப்போனது. காற்று இரண்டு நிலையிலும் உள்ளே போனது. தூசியும் அதில் ஒட்டிய கிருமிகளும் போனதில்தான் வித்தியாசம்.

வீட்டில் செய்ய ஆசைப்பட்டால் அக்கானி வேண்டாம், அம்மா வேறு மாதிரி நினைத்துவிடுவார்கள். பேக்கரி ஈஸ்ட், சர்க்கரைத் தண்ணீர், இரண்டு பாட்டில், வாயில் மாட்ட இரண்டு பலூன் போதும். ஒன்றில் மட்டும் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து, எந்தப் பலூன் உப்புகிறது என்று பாருங்கள். சுண்ணாம்பைக் கையால் அளையாதீர்கள், கண்ணில் படவும் விடாதீர்கள்.

செல்லுக்குள் எதற்கு இத்தனை அறைகள்? எல்லாம் ஒன்றாகக் கலந்து இருந்தால் என்ன?

மரச்சீனியை (மரவள்ளியை)க் கேளுங்கள், அது சொல்லும்.

மரச்சீனியின் செல்லில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அது நுண்குமிழுக்குள் தனியாக அடைபட்டுக் கிடக்கும். அதை உடைக்கக்கூடிய நொதி செல்சுவர்ப் பக்கம் இருக்கும். இரண்டும் சந்திக்காத வரை செடிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆடு இலையைக் கடித்து மென்றதும் அறைகள் உடைகின்றன, இரண்டும் கலக்கின்றன, ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. மரச்சீனி இலையைத் தின்ற ஆடு செத்துப்போனதாகக் கல்குளம், விளவங்கோடு பக்கம் எந்த வீட்டிலும் ஒரு கதை இருக்கும். கதை இல்லை, வேதியியல்தான். மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியைச் சயனைடு அடைத்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல் அதைத் தொட முடியாது.

கிழங்கு அவிக்கும்போது துண்டு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் திறந்து கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோம் அல்லவா? அதில் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. நறுக்கும்போதே அறைகள் உடைந்து கொஞ்சம் லினமாரின் சிதைகிறது. ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரியிலேயே கொதிக்கிற பொருள் என்பதால், திறந்த பானையிலிருந்து ஆவியோடு போய்விடும். ஆனால் சூடு ஏறியதும் நொதி செயலிழந்துவிடும். அப்போது உடையாமல் மிச்சமிருக்கிற லினமாரின் தண்ணீரில் கரைந்து வரும். அந்தத் தண்ணீரைக் கொட்டுவது அதற்காகத்தான். நொதி, வெப்பம், கரைதிறன் என்று மூன்று பாடமும் ஒரே பானைக்குள் இருக்கிறது. கசப்பு ரகங்களில் லினமாரின் அதிகம். அவற்றில் இந்தப் படிகளில் ஒன்றையும் விடக் கூடாது.

இதோடு ஒரு சின்னச் சோதனை. அவித்த மரச்சீனித் துண்டில் புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விடுங்கள், கருநீலமாகும். அது ஸ்டார்ச். இன்னொரு துண்டை நன்றாக மென்று, எச்சிலோடு ஒரு கிண்ணத்தில் துப்பி, அரை மணி நேரம் கழித்து அயோடின் விடுங்கள். நிறம் குறைவாக வந்தால் எச்சிலில் உள்ள அமைலேஸ் ஸ்டார்ச்சை உடைத்திருக்கிறது. கட்டுப்பாடு என்ன என்று இப்போது நீங்களே சொல்ல வேண்டும். (மெல்லாமல், எச்சிலுக்குப் பதில் தண்ணீர் விட்டு மசித்த துண்டு.) சோதித்த துண்டுகளை யாரும் தின்ன வேண்டாம்.

தடைக்காலம் முடிந்து படகு இறங்கியதும் மீன் அள்ளிக்கொண்டு வருகிறது. அப்போ தடைதானே காரணம்?

இது கடற்கரைப் பிள்ளைகளின் கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும்கூட. நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் உண்டு. சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

தடை முடிந்தது, மீன் கூடியது. ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததால் முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. வேறு என்னவெல்லாம் காரணமாக இருக்கலாம் என்று முதலில் பட்டியல் போட வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்பரப்பு நீர் கரையை விட்டுத் தள்ளப்பட்டு, ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது. தாவர மிதவை உயிரிகள் பெருகுகின்றன. அதைத் தின்னச் சாளை (மத்தி மீன்) கூட்டம் கூட்டமாக வருகிறது. இது தடை இருந்தாலும் நடக்கும், இல்லாவிட்டாலும் நடக்கும். காலமும் ஏறக்குறைய அதே காலம்தான். இன்னொன்று: அத்தனை மாதம் கட்டிப் போட்ட படகுகள் எல்லாம் ஒரே நாளில் கடலுக்குப் போகின்றன. துறைமுகத்தில் வந்து குவியும் மீனின் மொத்தம் கூடத்தானே செய்யும்? ஒரு படகுக்கு எவ்வளவு கிடைத்தது என்பது வேறு கணக்கு.

எப்படிப் பிரித்தறிவது? மொத்த மீனை விட்டுவிட்டு, ஒரு படகுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று பார்க்கலாம். மீனின் அளவைப் பார்க்கலாம். வளர விட்டதால்தான் கூடியது என்றால் பெரிய மீன்களின் பங்கு கூடியிருக்க வேண்டும். இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. நாட்டுப்படகுக்கும் வள்ளத்துக்கும் இந்தத் தடை கிடையாது. விசைப்படகு கட்டிக் கிடக்கும்போதே வள்ளக்காரர்களுக்குச் சாளை கூடிக்கொண்டு வந்தால், பருவக்காற்றின் கை அதில் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சின்னமுட்டத்தில் ஜூன் நடுவிலும் குளச்சலில் ஜூலைக் கடைசியிலும் தடை முடிவதும் ஒரு வசதிதான். ஒரே மாவட்டத்தில் இரண்டு தேதிகள். ஆனால் இரண்டு பக்கக் கடலும் ஒரே மாதிரி இல்லை என்பதால் அந்த ஒப்பீட்டை எச்சரிக்கையாகச் செய்ய வேண்டும்.

தடைக்காலம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. முட்டையிடுகிற மீனை வாரிக்கொண்டு வந்தால் அடுத்த வருஷம் என்ன மிஞ்சும்? ஆனாலும் நமக்குப் பிடித்த முடிவு என்பதற்காகச் சோதனையில் சலுகை கொடுக்கக் கூடாது. பிடிக்காத முடிவை எவ்வளவு குடைவோமோ, பிடித்த முடிவையும் அவ்வளவு குடைய வேண்டும்.

மரத்தின் எடை மண்ணிலிருந்துதானே வருகிறது?

இல்லை. பெரும்பாலும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வருகிறது. கேட்க விசித்திரமாகத்தான் இருக்கும்.

வான் ஹெல்மாண்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். அவர் இறந்த பிறகு, 1648-ல் இந்த விவரம் அச்சில் வந்தது. மண் மரமாக மாறவில்லை என்று அவர் கண்டது சரி. அதனால் மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டியது தப்பு. அளவெடுத்தது அத்தனையும் சரி, ஆனால் காற்றை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. செடிகள் காற்றை மாற்றுகின்றன என்று பிரீஸ்ட்லி 1770-களில் காட்டினார். அதற்கு வெளிச்சம் வேண்டும் என்று இங்கென்ஹவுஸ் 1779-ல் காட்டினார்.

குலசேகரம் பக்கம் வெட்டி அடுக்கியிருக்கும் ரப்பர் தடியைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கார்பன் அத்தனையும் ஒரு காலத்தில் காற்றில் இருந்தது. எரித்தால் சாம்பலாக மிஞ்சுகிற அந்தக் கொஞ்சம்தான் மண் கொடுத்தது. உரம் எதற்கு என்றால், அந்தக் கொஞ்சம் இல்லாமல் மிச்சம் எதுவும் நடக்காது.

இரவில் புளியமரத்தடியில் படுத்தால் மரம் விடும் கார்பன் டை ஆக்சைடால் ஆபத்து என்கிறார்களே?

இரவில் மரம் சுவாசிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு விடுவது உண்மை. ஆபத்து என்பது உண்மை இல்லை. ஒரு மனிதர் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை மூச்சில் விடுகிறார். மரத்தடி ஆபத்து என்றால், சின்ன அறையில் நாலு பேர் பாய் போட்டுத் தூங்கும் வீடு அதைவிடப் பெரிய ஆபத்தாக இருக்க வேண்டும். மரத்தடி திறந்தவெளி வேறு, ஆரல்வாய்மொழிக் காற்று அடிக்கிற மாவட்டத்தில் எந்த வாயு அங்கே தங்கி நிற்கும்?

"முன்னோர்கள் சும்மா சொல்லவில்லை, எல்லாவற்றுக்கும் அறிவியல் காரணம் இருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவற்றில் பெரும்பாலானவை இந்த வகை. ஒரு உண்மையான துண்டை எடுத்து, அளவைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். எவ்வளவு என்று கேட்டாலே பாதி சரிந்துவிடும்.

அப்போ பாட்டி வைத்தியம் எல்லாம் பொய்யா?

அப்படிச் சொல்லவே மாட்டேன். ஆடாதொடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்து வழிவந்ததுதான் இருமல் மருந்தில் இருக்கும் புரோம்ஹெக்சின். 1987-ல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக்குப் போனவர்கள், கூட வந்த காணிப் பழங்குடி மக்கள் ஒரு செடியின் காயைத் தின்றுவிட்டுக் களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். அந்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து திருவனந்தபுரத்தில் மருந்து உருவாக்கி, அதில் கிடைத்த தொகையில் காணி மக்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். இந்த அறிவெல்லாம் சோதிக்கத் தகுந்த கருதுகோள்களின் களஞ்சியம்.

ஆனால் "எங்க பாட்டிக்குக் கேட்டது" என்பது சோதனை ஆகாது. சளி மருந்தில்லாமலும் ஒரு வாரத்தில் போய்விடும். ஐந்தாம் நாள் கஷாயம் குடித்தவருக்கு ஏழாம் நாள் சரியானால் பேர் கஷாயத்துக்குப் போகும். குடிக்காத ஆள் எத்தனை நாளில் எழுந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் இதைக் கேட்டார். ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, சாப்பாட்டை ஒன்றாக வைத்து, மருந்தை மட்டும் மாற்றினார். வினிகர், கடல்நீர், ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலம் என்று ஜோடிக்கு ஒன்று. ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சீக்கிரம் எழுந்தார்கள். வைட்டமின் சி என்ற பேரே அப்போது கிடையாது. காரணம் தெரியாமலே எது வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கருவாட்டில் உப்பு கிருமியைக் கொல்கிறது என்று எழுதினால் மார்க் கிடைக்குமா?

பாதி கிடைக்கும். செல்லுக்கு வெளியே உப்பு அதிகமாக இருந்தால், செல்சவ்வு வழியாகத் தண்ணீர் வெளியே போய்விடும். மீனின் செல்லுக்கும் அது நடக்கும், மீன்மேல் உள்ள பாக்டீரியாவுக்கும் நடக்கும். சவ்வூடு பரவல் என்று எழுதி, தண்ணீர் எந்தத் திசையில் போகிறது என்று சொன்னால் முழு மார்க். உருளைக்கிழங்குத் துண்டை உப்புத் தண்ணீரில் ஒன்றும் சாதாரணத் தண்ணீரில் ஒன்றும் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து வளைத்துப் பாருங்கள். ஒன்று துவண்டுவிடும், ஒன்று விறைப்பாக இருக்கும்.

எல்லாக் கிருமியும் உப்புக்குப் பயப்படுவதில்லை. கருவாட்டில் சில நேரம் இளஞ்சிவப்பாகப் படர்கிறதே, அது உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர். உப்பளப் பாத்தியில் தண்ணீர் சிவப்பாகத் தெரிவதற்கும் இப்படிப்பட்ட உயிர்களும் ஒரு வகைப் பாசியும்தான் காரணம்.

பூநாரையின் நிறம் மரபணுவிலா, சாப்பாட்டிலா?

உப்பளத்திலிருந்து நேராக இந்தக் கேள்விக்கு வரலாம். பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறம். பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளைத் தின்று தின்றுதான் சிவக்கிறது. மிருகக்காட்சி சாலையில் அந்தச் சத்து இல்லாத தீனி போட்டால் வெளுத்துவிடும். ஆனால் அதே உப்பளத்தில் மேய்கிற உள்ளான் ஏன் சிவப்பதில்லை? அந்த நிறமியை எடுத்துச் சிறகில் சேர்க்கும் ஏற்பாடு பூநாரையின் உடலில் மரபாக இருக்கிறது. அதனால் "மரபணுவா, சூழலா" என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியே பெரும்பாலும் தவறான கேள்வி.

செவ்வாழைக்கு ஏன் விதை இல்லை?

அதன் செல்லில் குரோமோசோம் மூன்று தொகுதியாக இருக்கிறது, 11 வீதம் 33. இனச்செல் உண்டாகும்போது இரண்டாகச் சமமாகப் பங்கிட வழியில்லை. அதனால் விதை பிடிப்பதில்லை. மலையில் இருக்கும் காட்டுவாழையை உரித்தால் உள்ளே கறுப்பாகக் கல் போன்ற விதைகள் நிறைந்திருக்கும்.

விதை இல்லாததால் கன்று வைத்து நடுகிறோம். கன்று என்பது தாயின் மரபணு நகல். ஒரு தோட்டத்தில் நிற்கும் அத்தனையும் மரபளவில் ஏறக்குறைய ஒரே மரம். ஒரு நோய்க்கு ஒன்று மடிந்தால் எல்லாம் மடியலாம். உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் என்ற வாழை இப்படித்தான் பனாமா வாடல் நோயில் அடிபட்டு, 1950-களிலும் அறுபதுகளிலும் கேவண்டிஷுக்கு இடம் விட்டது. ஒட்டுக்கட்டிய ரப்பர் தோட்டங்களுக்கும் இந்தக் கவலை உண்டு. ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ஒரே ரகம் எத்தனை தோட்டங்களில் நிற்கிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நகல் என்பதில் ஒரு லாபமும் உண்டு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டி வாழையின் மணம் மண்ணாலா, ரகத்தாலா என்று கேட்டால், ஒரே தாயின் கன்றுகளை இங்கேயும் வேறு மாவட்டத்திலும் நட்டுப் பார்க்கலாம். மரபணு ஒன்று, மண் வேறு. பழம் மாறினால் காரணம் சூழல்தான்.

குரங்கிலிருந்து மனிதன் வந்தால் இப்போது ஏன் குரங்கு இருக்கிறது?

உங்கள் பெரியப்பா மகனிடமிருந்து நீங்கள் பிறக்கவில்லை, இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவர். சிம்பன்ஸிக்கும் நமக்கும் பொது மூதாதை சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்தது. பேச்சிப்பாறை ரோட்டில் கையை நீட்டுகிற நாட்டுக்குரங்கு இன்னும் தூரத்துச் சொந்தம்.

"இதை எப்படிச் சோதிப்பது, யாரும் பார்க்கவில்லையே" என்பது அடுத்து வரும். சிம்பன்ஸிக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23. மூதாதை ஒன்றுதான் என்றால் ஒரு ஜோடி எங்கே போனது? காணாமல் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டோம், அதனால் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால், குரோமோசோமின் நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டிஎன்ஏ வரிசை எங்கேயாவது நடுவில் கிடக்க வேண்டும். தேடினார்கள். நம்முடைய 2-ஆம் குரோமோசோமின் நடுவில் அது கிடந்தது. அக்கானிச் சோதனையில் கேட்ட அதே கேள்விதான்: தப்பு என்றால் என்ன பார்த்திருப்போம்? நடுவில் ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கும்.

மணவாளக்குறிச்சி மணலால் புற்றுநோய் வருமா?

இதில் இரண்டு கூற்றுகள் கலந்திருக்கின்றன. அந்த மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது, அதனால் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். இது அளந்து பார்த்த உண்மை. அதனால் புற்றுநோய் கூடுகிறது என்பது தனிக் கூற்று, அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

"எங்க தெருவில் நாலு பேருக்கு" என்று தொடங்காதீர்கள். எத்தனை பேரில் நாலு? அவர்கள் வயது என்ன? புகையிலை போடுவார்களா? வயது கூடக் கூடப் புற்றுநோய் கூடும் என்பதால், முதியவர்கள் அதிகம் உள்ள தெருவையும் இளைஞர்கள் அதிகம் உள்ள தெருவையும் நேரடியாக ஒப்பிட முடியாது. இதே மாதிரி மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் 1990 முதல் புற்றுநோய்ப் பதிவேடு வைத்து, கதிர்வீச்சு அளவோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சு கூடியதால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதை எடுத்து இங்கே அப்படியே ஒட்டிவிடவும் கூடாது. பயம் காட்டுகிறவரிடம் கேட்கிற ஆதாரத்தை, "ஒன்றும் ஆகாது" என்கிறவரிடமும் கேட்க வேண்டும்.

சளிக்கு ஆன்டிபயாடிக் போட்டால் சீக்கிரம் போகுமா?

போகாது. சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவின் செல்சுவர் போன்றவற்றைத் தாக்கும். வைரஸுக்கு அது கிடையாது. தேவையில்லாமல் போடும்போது உடலில் உள்ள பாக்டீரியாக்களில் மருந்துக்குத் தாக்குப்பிடிக்கிறவை மிஞ்சிப் பெருகும். பரிணாமத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். மருந்துக் கடையில் மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் எழுதிக் கொடுத்தால் சொன்ன கணக்குப்படி போடுங்கள்.

திமிங்கலச் சுறா, ஓங்கில் (டால்பின்), நட்சத்திர மீன். இதில் எது மீன்?

திமிங்கலச் சுறா மட்டும். செவுள் இருக்கிறது, வால் பக்கவாட்டில் ஆடும். ஓங்கில் பாலூட்டி, மூச்சுவிட மேலே வரும், வால் மேலும் கீழும் ஆடும். நட்சத்திர மீன் முட்தோலி. இறாலும் மீன் இல்லை, சந்தையில் பக்கத்தில் வைத்து விற்றாலும்.

மெண்டல் 3:1 என்றார். எங்கள் வீட்டில் நாலு பிள்ளையில் அப்படி வரவில்லையே?

நாலு பேரில் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மெண்டலுக்குப் பட்டாணிச் செடியில் உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850 கிடைத்தன. வகுத்துப் பார்த்தால் 2.96. அத்தனை ஆயிரம் எண்ணியும் சரியாக 3 வரவில்லை. எண்ணிக்கை கூடக் கூட விகிதம் 3-ஐ நெருங்கும், அவ்வளவுதான். நாணயத்தை நாலு தடவை சுண்டிப் பாருங்கள், நாலும் தலையாகவே விழுந்தாலும் விழும்.

நுண்ணோக்கி வாங்க வசதி இல்லை. என்ன செய்யலாம்?

காகிதத்தை மடித்துச் செய்யும் போல்ட்ஸ்கோப் என்று ஒன்று இருக்கிறது. ஸ்டான்போர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கியது, விலை குறைவு. வெங்காயத் தோலின் செல்லைப் பார்க்க அது தாராளமாகப் போதும். பள்ளி ஆய்வகத்தில் உறை போட்டு மூடி வைத்திருக்கும் நுண்ணோக்கியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்பதும் ஒரு வழி. கேட்டால்தான் திறப்பார்கள்.

தேரூர் குளத்தில் பறவை எண்ணினால் அது ஆராய்ச்சியா?

எப்படி எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. மழைக்குப் பிறகு, நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி என்று நிறையப் பார்க்கலாம். ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், ஒரே அளவு நேரம் எண்ணுங்கள். ஒரு நாள் காலை ஆறு மணிக்கும் இன்னொரு நாள் மத்தியானமும் எண்ணி ஒப்பிட்டால் குளம் மாறியதா, வெயில் மாறியதா என்று தெரியாது. தேதி, நேரம், மேகம், காற்று, தண்ணீர் மட்டம் எல்லாம் எழுத வேண்டும். பேர் தெரியாத பறவைக்கு ஊகித்துப் பேர் வைக்காமல், அலகு எப்படி, கால் என்ன நிறம் என்று எழுதி வையுங்கள். எண்ணிக்கையை ஈபேர்ட் தளத்தில் ஏற்றலாம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் பதிவுகள் அதில்தான் போகின்றன, யாரும் சேரலாம். போகிற அன்று ஒரு பறவையும் இல்லை என்றாலும் 0 என்று எழுதிவிட்டு வாருங்கள். பாதிப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் யாரும் போகவில்லையா, பறவை வரவில்லையா என்று தெரியாமல் போய்விடுகிறது.